மாசம் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க!

நியூஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்று ஓர் ஊர். அங்கே ஓக் ட்ரீ ரோடு என்று ஒரு தெரு. முருங்கைக்காயிலிருந்து மூக்குத்தி வரை நம்மூர்ச் சாமான் அத்தனையும் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கிங்குக்கு இடம் தேடி, கோயில் பிராகாரம் சுற்றுவது மாதிரி அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிற கார்களைப் பார்த்தால் கண் கூசும். பளபளவென்று ஜெர்மன் கார், ஜப்பான் சொகுசுக் கார்...

'அடேயப்பா, நம்ம பசங்ககிட்ட இவ்வளவு பணமா!' என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்க வேண்டாம். அதில் பல கார்கள் ஓட்டுகிறவருக்குச் சொந்தமே இல்லை. லீஸ்! மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

அடியேனும் அந்தக் கட்சிதான். இரண்டு தடவை லீஸ் எடுத்தவன். முதல் தடவை தனியாகப் போய் ஏமாந்தேன். இரண்டாம் தடவை மனைவியும் அம்மாவும் கூட வந்ததால் தப்பித்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையோ, மருமகனோ, ஒன்றுவிட்ட தம்பியோ அமெரிக்காவில் கார் வாங்கப் போகிறான் என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பி வையுங்கள்.

ஒத்தி என்று நினைத்தேன்!

'லீஸ்' என்ற வார்த்தைக்கு நம்மூரில் ஓர் அர்த்தம் உண்டு. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருப்போம். காலி பண்ணும்போது அந்த ஐந்து லட்சமும் பைசா குறையாமல் திரும்பி வரும். (வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால்!) கிராமத்தில் இதை ஒத்தி என்பார்கள்.

இந்த அர்த்தத்தை மனசில் சுமந்துகொண்டுதான் 2018 ஆகஸ்டில் ஒரு ஜெர்மன் கார் ஷோரூமுக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே வாசனை, மெல்லிய சங்கீதம், இலவச காபி. காபி இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சேல்ஸ்மேன் சிரித்த முகம். உட்கார வைத்து, முதல் கேள்வியாகக் கேட்டார்:

"மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைக்கிறீங்க?"

"அறுநூறு டாலர்" என்றேன், பெருமையாக.

பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பிக்பாக்கெட்காரரிடம், 'பணம் இடது பாக்கெட்டில் இருக்கு சார்' என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்!

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நாலு கட்டம். ஒன்றில் கார் விலை, ஒன்றில் என் பழைய காரின் மதிப்பு, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. இந்தத் தாளுக்கு அந்தத் தொழிலில் 'ஃபோர் ஸ்கொயர்' என்றே பெயர். தாயக்கட்டம் மாதிரிதான். ஒரு கட்டத்தில் விட்டுக் கொடுப்பார். நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் இன்னொரு கட்டத்தில் வெட்டிவிடுவார். என் கண் தவணைக் கட்டத்தை விட்டு நகரவேயில்லை. "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று மூன்று தடவை உள்ளே போய் வந்தார். மூன்றாவது தடவை யுத்தத்தில் ஜெயித்த முகத்தோடு திரும்பினார்.

"சார், 599! ஆனா கையெழுத்துப் போடுறப்ப நாலாயிரம் டாலர் கொடுத்துடணும்."

நாலாயிரம் என்னிடம் இருந்தது. அப்பாவையும் அம்மாவையும் அமெரிக்காவுக்கு அழைத்து வர, டிக்கெட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்குமாகச் சேர்த்து வைத்திருந்த பணம். 'லீஸ் பணம்தானே, காரைத் திருப்பிக் கொடுக்கிறப்ப வந்துடப் போகுது. அவங்களை அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கலாம்' என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

காரின் விலை என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவரும் சொல்லவே இல்லை!

ஐந்தாம் மாதம்

2019 ஜனவரி. 287 நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. காருக்குத்தான் முன்பக்கமே இல்லை. 'ரிப்பேர் செய்து பிரயோஜனமில்லை' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. காரின் சந்தை மதிப்பை லீஸ் கம்பெனிக்கே நேராக அனுப்பியது. பாக்கிக் கணக்குக்கும் அந்த மதிப்புக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை, ஒப்பந்தத்தில் இருந்த 'கேப்' என்ற பாதுகாப்பு நிரப்பிவிட்டது. நல்லவேளை, நான் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

ஃபோனில் நன்றி சொல்லிவிட்டு, "என் நாலாயிரம் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண்மணி ரொம்பப் பரிவாகச் சொன்னார்: "அது டெபாசிட் இல்லை சார். 36 மாத வாடகையில் ஒரு பகுதியை நீங்கள் முன்கூட்டியே கட்டியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்."

அதாவது 36 மாதத்துக்கு முன்பணம் கட்டி, 5 மாதம் ஓட்டியிருக்கிறேன். மிச்சம் 31 மாதத்துக்குக் கட்டிய 3,444 டாலர் பனியோடு பனியாகக் கரைந்துவிட்டது.

"அதனால என்னப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா, கும்பகோணத்திலிருந்து. அடுத்த வருஷம் 2020. கொரோனா வந்தது, விமானம் நின்றது. 2021-ல் அப்பா போய்விட்டார். அந்த நாலாயிரம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஷோரூம் வழியாகப் போகும்போது இன்றைக்கும் எனக்கு அந்தப் பக்கம் திரும்பப் பிடிப்பதில்லை.

அம்மா வந்தாள்

2024 கோடையில் அம்மா மட்டும் வந்தாள். அதே சமயம், ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய கார் மூச்சை நிறுத்தியது. அலுவலகத்தில் பதவி உயர்ந்திருந்தது. எனக்கு மறுபடி ஜெர்மன் ஆசை.

"எடுக்கலாங்க. ஆனா இந்தத் தடவை பேரம் பேசப் போறது நீங்க இல்லை" என்றாள் மனைவி. அவள் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள்.

அறுபது மைல் சுற்றளவில் உள்ள ஆறு ஷோரூம்களுக்கு ஒரே ஈ-மெயிலை அனுப்பினாள். மாடல் இன்னது, 36 மாதம், வருஷத்துக்கு 12,000 மைல், முன்பணம் பூஜ்யம். கார் விலை என்ன, ரெசிட்யுவல் எத்தனை சதவிகிதம், மணி ஃபாக்டர் எவ்வளவு, கட்டணங்கள் என்னென்ன என்று நாலே கேள்வி. மூன்று பேர், 'நேரில் வாங்களேன், பேசலாம்' என்று எழுதினார்கள். இரண்டு பேர் மாதத் தவணையை மட்டும் சொன்னார்கள். ஒரே ஒருவர் நாலுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினார். அந்த ஒரு பதில்தான் எங்களுக்கு ஆயுதம்.

சொகுசுக் காரை ஏன் லீஸில் எடுக்கிறார்கள் என்பதற்கு இங்கே ஒரு வார்த்தை. வாரண்டி முடிந்த ஜெர்மன் காரை ரிப்பேர் செய்வது யானைக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி. வாரண்டி இருக்கும்வரை ஓட்டிவிட்டுக் கழற்றி விடலாம் என்பது ஒரு சௌகரியம். தவிர, புதுக் கார்களைத் தள்ளிவிட வேண்டுமென்று தயாரிப்பாளர்களே தங்கள் நிதி நிறுவனம் மூலம் சில மாதங்களில் வட்டியைக் குறைத்துத் தருவார்கள். பத்து வருஷம் ஒரே காரை ஓட்டுகிற ரகமா நீங்கள்? உங்களுக்கு லீஸ் வேண்டாம். வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் 28, சனிக்கிழமை. வீட்டுக்குப் பக்கத்து ஷோரூமுக்கு மூவரும் கிளம்பினோம். (2018-ல் போனது அல்ல!) அம்மாவை வீட்டில் தனியாக விட மனசில்லாமல்தான் அழைத்துப் போனோம்.

நாலு கேள்வி

இந்த ஷோரூமிலும் காபி. இங்கேயும் சிரித்த முகம். இங்கேயும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு..?"

"என்னடா கேட்கிறாரு?" என்றாள் அம்மா. மொழிபெயர்த்தேன்.

"அது கிடக்கட்டும். வண்டி வெலை என்னன்னு கேளு."

தஞ்சாவூர் ஜில்லாவில் நாலு மா நிலத்தை வருஷா வருஷம் குத்தகைக்குப் பேசி விட்டவள் அம்மா. குறுவைக்கு எத்தனை மூட்டை, தாளடிக்கு எத்தனை மூட்டை என்று ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவள். அவளுக்கு இதெல்லாம் புதிதே இல்லை.

காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் காட்டினார் சேல்ஸ்மேன். 60,000 டாலர். அந்தச் சீட்டை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் 1958-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மன்ரோனி என்ற செனட்டர் கொண்டு வந்ததால் 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்றே அதற்குப் பெயர். ஆனால் சீட்டில் இருப்பது தயாரிப்பாளர் சிபாரிசு செய்கிற விலைதான். அதற்குக் கீழே பேசலாம். லீஸாக இருந்தாலும் பேசலாம். பலருக்கு இது தெரிவதில்லை. 'லீஸ்னா விலை பேச முடியாது' என்று நினைத்துக்கொண்டு தவணையோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

"சரி, மூணு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுக்கிறப்ப இது என்ன வெலை போகும்?" இது அம்மாவின் இரண்டாவது கேள்வி.

இதற்குப் பெயர்தான் ரெசிட்யுவல். ஷோரூம்காரர் இதைத் தீர்மானிப்பதில்லை. நிதி நிறுவனம் தீர்மானிக்கிறது. எனவே இதில் பேரம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. நாங்கள் பார்த்த காருக்கு 58 சதவிகிதம். கவனியுங்கள்... நாம் பேசி முடித்த விலையில் அல்ல, ஒட்டியிருக்கும் சீட்டு விலையில் 58 சதவிகிதம். அதாவது 34,800 டாலர். இந்தச் சதவிகிதம் எவ்வளவு கூடுதலோ, நமக்கு அவ்வளவு லாபம்.

"நெலம் தேயாது தம்பி. வண்டி தேயுமில்ல? தேயறதுக்கு நாம குடுக்கணும், அது நியாயம். அதுக்கு மேல என்னத்துக்குக் குடுக்கிறோம்?" இது மூன்றாவது கேள்வி.

வட்டிக்கு! லீஸ் தவணை என்பதே இரண்டு சாமான்தான்: தேய்மானம், வட்டி. மற்றதெல்லாம் வரியும் கட்டணமும். பெரிய பெரிய வார்த்தைகளை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது நாலாங்கிளாஸ் கணக்கு.

"ஆண்டிக்கு இன்னொண்ணு கேட்கணுமா?" என்று சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நடுவுல வண்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா, முன்பணம் யாருக்கு?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. அம்மா சேல்ஸ்மேனைப் பார்த்துக் கேட்கவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த நாலாயிரத்தின் கதை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று.

புள்ளிக்குப் பின்னால்...

சேல்ஸ்மேன் போட்டுக் கொடுத்த முதல் சீட்டு இது: முன்பணம் 4,000. மாதம் 892. 'ஆயிரத்துக்கு உள்ளே முடித்துக் கொடுத்திருக்கேன்' என்றார்.

மனைவி கைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தாள். "மணி ஃபாக்டர் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சிரித்த முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ".0030."

மணி ஃபாக்டர் என்பது வட்டியின் மாறுவேஷம். பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம் என்று ஆரம்பிப்பதால் ஒன்றுமே இல்லாதது போல் தோன்றும். அதை 2,400-ஆல் பெருக்குங்கள், வேஷம் கலைந்துவிடும். .0030 என்றால் வருஷத்துக்கு 7.2 சதவிகித வட்டி. .0025 என்றால் 6 சதவிகிதம். நல்ல கடன் சரித்திரம் உள்ளவர்களுக்கு நிதி நிறுவனம் ஓர் அடிப்படை எண் வைத்திருக்கும். அதன்மேல் கொஞ்சம் ஏற்றி, அந்த வித்தியாசத்தில் ஷோரூம்காரர் சம்பாதிக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. கேட்காதவர்களிடம் ஏற்றுவார், கேட்டால் இறக்குவார். ஈ-மெயிலில் ஒழுங்காகப் பதில் எழுதிய அந்த ஒருவர் மூலம் அந்த மாத அடிப்படை எண் .0025 என்று மனைவிக்குத் தெரிந்திருந்தது.

முதல் சீட்டைப் பிரித்துப் போட்டாள். விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை, முழுசாக 60,000. லீஸ் நிறுவனத்தின் ஆரம்பக் கட்டணம் 1,000. மொத்தம் 61,000. இதில் 34,800 போனால் தேய்மானம் 26,200. அதை 36-ஆல் வகுத்தால் 727.78. வட்டிக்கு, 61,000-ஐயும் 34,800-ஐயும் கூட்டி .0030-ஆல் பெருக்கினால் 287.40. இரண்டையும் கூட்டினால் மாதம் 1,015.18! நம்முடைய 4,000-ஐயே வாங்கி, அதை வைத்தே தவணையை இறக்கி, 892 என்று நமக்கே தானம் செய்கிறார்கள்.

(விலையையும் ரெசிட்யுவலையும் ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் பெரிய தொகை பாக்கி, முடிவில் சின்னத் தொகை பாக்கி. இரண்டுக்கும் சராசரி எடுத்து வட்டி போடுவதைத்தான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். தப்பில்லை.)

"55,000 விலை, .0025, முன்பணம் பூஜ்யம். இதுக்குச் சம்மதம்னா இன்னிக்கே கையெழுத்து" என்றாள் மனைவி.

மேனேஜரைப் பார்க்கும் படலம் ஆரம்பமானது. ஒரு தடவை, இரண்டு தடவை... மூன்றாவது தடவை அவர் உள்ளே போனபோது அம்மா எழுந்துவிட்டாள். "வாங்க போவோம். வீட்ல மோர்க்குழம்பு இருக்கு."

எழுந்து வருவது சும்மா பாவனை என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே வந்துவிட வேண்டும். பாவனையா, நிஜமா என்பதை இருபது வருஷ அனுபவமுள்ள சேல்ஸ்மேன் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். எங்கள் மூவரின் முதுகும் நிஜமாகவே மோர்க்குழம்பை நோக்கித்தான் நடந்தன.

மறுநாள் ஞாயிறு. நியூஜெர்ஸியில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்கச் சட்டத்திலேயே இடமில்லை. திங்கட்கிழமை செப்டம்பர் 30. மாதக் கடைசி மட்டுமல்ல, காலாண்டுக் கடைசியும்கூட. குறித்த எண்ணிக்கையை விற்றால் ஷோரூமுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து ஊக்கத்தொகை வருவது வழக்கம். இன்னும் ஒரு கார் விற்றால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு நம் காரில் கிடைக்கிற லாபம் பெரிசில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபோன் வந்தது.

"ஆண்டி கேட்ட விலைக்கே முடிச்சுடலாம்."

ஆண்டி எந்த விலையும் கேட்கவில்லை! கேள்விதான் கேட்டாள்.

கணக்கு இப்போது இப்படி: 55,000-மும் 1,000-மும் சேர்ந்து 56,000. தேய்மானம் 21,200. மாதத்துக்கு 588.89. வட்டி, 90,800 பெருக்கல் .0025, ஆக 227. மொத்தம் 815.89. (வரி தனி. சில மாநிலங்களில் மாதாமாதம் வாங்குவார்கள், சிலவற்றில் முன்கூட்டியே மொத்தமாக.) முதல் சீட்டின் உண்மையான 1,015.18-க்கும் இதற்கும் மாதம் 199 டாலர் வித்தியாசம். 36 மாதத்தில் சுமார் 7,170 டாலர். அதில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது மட்டும் 1,630 டாலருக்கு மேல்!

கடைசி அறை

பேரம் முடிந்தது என்று மூச்சு விடாதீர்கள். இன்னொரு அறை பாக்கி. அங்கே உட்கார்ந்திருப்பவர் நிதி அதிகாரி. அவர் மேஜையில் ஒரு மெனு கார்டு. பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு, சாவிக்கு இன்ஷூரன்ஸ், கண்ணாடியில் நம்பர் பொறிப்பது, டயரில் நைட்ரஜன்... 'மாசம் 12 டாலர்தான் கூடும்' என்பார். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். அது இலவசமாகவே வருகிறது. மூன்று வருஷத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிற காரின் பெயின்ட் முப்பது வருஷம் மினுங்க வேண்டிய அவசியமும் இல்லை. "வேண்டாம்" என்பதை நாலு தடவை சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

பிறகு ஒப்பந்தம். 1976-ல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டத்தின்படி பேசி முடித்த விலை, ரெசிட்யுவல், தேய்மானம், மொத்த வட்டித்தொகை எல்லாவற்றையும் அந்தத் தாளில் காட்டியாக வேண்டும். மணி ஃபாக்டரை மட்டும் காட்ட வேண்டியதில்லை. பரவாயில்லை. 'ரென்ட் சார்ஜ்' என்ற இடத்தில் மொத்த வட்டி இருக்கும். எங்கள் தாளில் 8,172. அதை 36-ஆல் வகுத்தால் 227. அதை 90,800-ஆல் வகுத்தால் .0025. சரியாக இருந்தது. மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 'மூணு நாளைக்குள்ள மனசு மாறினா திருப்பிக் குடுத்துடலாம்' என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. வீடு தேடி வந்து விற்கிறவர்களுக்கான மத்திய அரசு விதி அது. ஷோரூமில் போட்ட கார் கையெழுத்துக்குப் பொருந்தாது. நடுவழியில் லீஸை முறித்தாலும் பெரும் தொகை கேட்பார்கள்.

கையெழுத்துக்கு முன்...

* மைல் கணக்கைக் குறைத்துச் சொல்லித் தவணையைக் குறைக்காதீர்கள். வருஷத்துக்கு 10,000 மைல் என்று எழுதிவிட்டு 15,000 ஓட்டினால், மூன்று வருஷத்தில் 15,000 மைல் கூடுதல். மைலுக்கு 25 சென்ட் என்றால் 3,750 டாலர் தண்டம். ஆபீஸ் தூரத்தோடு பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயில், ஓக் ட்ரீ ரோடு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

* முன்பணம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் மாதத் தவணையும் பதிவுக் கட்டணமும் போதும். முன்பணத்தால் மொத்தச் செலவு பெரிதாகக் குறையாது. ஆபத்து மட்டும் நம் பக்கம் வந்துவிடும். ஆனால் சில மாநிலங்களில் சில நிதி நிறுவனங்கள், திருப்பித் தரக்கூடிய டெபாசிட் வாங்கிக்கொண்டு மணி ஃபாக்டரைக் குறைப்பதுண்டு. அதுதான் நம்மூர் ஒத்திக்குப் பங்காளி. 'திருப்பித் தரப்படும்' என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

* 'கேப்' பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையே இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்காதீர்கள்.

* திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு கட்டணம் உண்டு. சுமார் 400-லிருந்து 600 டாலர் வரை. தேய்ந்த டயர், சக்கரத்தில் கீறல் இதற்கெல்லாம் தனி பில் வரும். முன்கூட்டியே சோதனைக்கு ஏற்பாடு செய்து, வெளியில் மலிவாகச் சரிசெய்துவிடலாம்.

* திருப்பிக் கொடுக்கும் நாளில் சந்தை விலையைப் பாருங்கள். சிப் தட்டுப்பாட்டால் 2021, 2022-ல் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியது. ஒப்பந்தத்தில் எழுதிய ரெசிட்யுவல் விலைக்கே காரை வாங்கிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் லாபம் பார்த்தார்கள். எதையும் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அந்த லாபத்தை லீஸ் கம்பெனிக்கு மொய் எழுதினார்கள்!

* சலுகைகள் வரும், போகும். 2023-லிருந்து 2025 செப்டம்பர் வரை, லீஸில் எடுக்கும் மின்சாரக் காருக்கு அரசாங்கத்தின் 7,500 டாலர் வரிச்சலுகை லீஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கேட்டவர்களுக்கு அது விலையில் கழிந்தது. இப்போது அது இல்லை. எனவே நண்பர் முந்தாநாள் எடுத்த விலையை வைத்து நீங்கள் பேசாதீர்கள். இந்த மாதத்துக் கணக்கைக் கேளுங்கள்.

இந்தியாவிலும் கம்பெனி மூலமாகக் கார் லீஸ் எடுக்கிற வழக்கம் இருக்கிறது. பெயர்களும் வரிக் கணக்கும் மாறலாம். ஆனால் அம்மாவின் நாலு கேள்விகள் அங்கேயும் செல்லும். விலை என்ன? திரும்பக் கொடுக்கும்போது மதிப்பு என்ன? வட்டி எவ்வளவு? நடுவில் ஏதாவது ஆனால் யார் பணம் போகும்? இந்த நாலுக்கும் பதில் வாங்கியபிறகு, மாதம் எவ்வளவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாமே போட்டுக்கொள்ளலாம். நியாயமான பேரம் என்பது எதிராளியைத் தோற்கடிப்பதல்ல. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது.

செப்டம்பர் 30 ராத்திரி புதுக் காரில் வீடு திரும்பினோம். அம்மா முன்சீட்டில். சீட்டுக்குச் சூடேற்றும் பட்டனை நான் அமுக்க, "ஐயையோ, கொதிக்குதுடா!" என்று பதறி எழப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"உங்கப்பாவுக்கு முதுகுவலிக்கு இது நல்லா இருந்திருக்கும்."

நான் ஒன்றும் பேசவில்லை. மனைவி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைக் காலால் தட்டிப் பார்த்தாள். முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமென்றாள். வைத்தேன். பழம் நசுங்கியதும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்:

"மூணு வருஷத்துக்கு நமக்குத்தானே?"

"ஆமாம்மா."

"அப்ப நாளைக்கே எடு. ஊர்ல இருக்கிற அத்தனை கோயிலையும் பார்த்துடலாம்."

வருஷத்துக்கு 12,000 மைல்தான் என்று அவளிடம் யார் சொல்வது?